வலது டிரம்

இது கதை இல்லை. நடு ராத்திரி, சுடுகாடு, வெள்ளைப் புடவை எதுவும் இதில் வராது. காலை எட்டு மணிக்கு, டியூப்லைட் வெளிச்சத்தில், ஏ.சி. ஓடும் ஹாலில் எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் என் வலது கையை வந்து பார்க்கலாம்.

என் பெயர் பால்ராஜ். வீடு மேனாம்பேட்டில். எங்கள் தெருவில் பாதிப் பேர் அம்பத்தூர் எஸ்டேட்டில் பவர் பிரஸ் ஓட்டியவர்கள். தகட்டை வைத்தால் மேலிருந்து இரும்பு இறங்கி ஒரே இடியில் வெட்டும் மிஷின் அது. தகடு எது, விரல் எது என்று அதற்குத் தெரியாது. என் அப்பாவுக்கு ஏழு விரல். சித்தப்பாவுக்கு இடது கையில் கட்டைவிரல் மட்டும். நானும் ஆறு வருடம் ஓட்டினேன். சாவித்திரியைக் கட்டியதும் விட்டுவிட்டேன். பத்து விரலோடு சாக வேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

பிரஸ்ஸில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் இடி இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே மாட்டாது. ஆனால் வேலை வேகமாக நடக்க வேண்டுமே. ஒரு பட்டனை அமுக்கி, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். பிறகு ஒரு கை தகடு வைக்கும், மறு கை அமுக்கும். நானும் கட்டியிருக்கிறேன்.

பிரஸ்ஸை விட்டபின், எஸ்டேட்டிலேயே ஒரு பழைய ஷெட்டில் புதிதாகத் திறந்த கேம் சென்டரில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். பக்கத்து ஃபிளாட்களில் இருந்து ஐ.டி. ஆட்கள், ஆவடி குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லாம் வருவார்கள். அங்கே அதிகம் ஓடியது டிரம் கேம். இடுப்பு உயரத்தில் இரண்டு டிரம், மேலே திரை. பாட்டுக்கு ஏற்றபடி திரையில் வட்டங்கள் ஓடி வரும். கோட்டைத் தொடும் நொடியில் குச்சியால் டிரம்மை அடிக்க வேண்டும். பெரிய சிவப்பு வட்டம் வந்தால் இரண்டு டிரம்மையும் ஒன்றாக அடிக்க வேண்டும். ஒரு கை தவறினாலும் பாயிண்ட் கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை வலது டிரம்மின் சென்சார் செத்துப்போனது. அன்று சாயங்காலம் ஒரு பிறந்தநாள் பார்ட்டி. முதலாளி கிருபாகரன் என் தோளில் கை போட்டார்.

“மாமே, புதுசு வர ஒரு வாரம் ஆவும். லெப்ட்ட அடிச்சா ரைட்டும் சேர்ந்து அடிச்ச மாரி காட்டணும். அவ்ளோதான்.”

“ஏமாத்து வேலை சார் அது.”

“நீ இன்னா, ஒலிம்பிக்கா நடத்தினு கீற?”

ஒரு துண்டு ஒயரால் இரண்டு டிரம்மையும் இணைத்து முறுக்கிவிட்டேன். ஐந்து நிமிட வேலை. சாயங்காலம் பிள்ளைகள் ஒரு கையால் பாப்கார்ன் தின்றுகொண்டே மறு கையால் அடித்தார்கள். அதைப் பார்த்தபோது எதுவோ ஞாபகம் வந்தது. என்னவென்று பிடிபடவில்லை.

புதன்கிழமை காலை வலது பக்கக் குச்சி பிசுபிசுவென்று இருந்தது. மோந்து பார்த்தேன். பிரஸ் ஆயில். அந்த வாசனை எனக்குச் சாகும்வரை மறக்காது. ஆனால் ஹாலில் ஆயிலுக்கு ஏது வேலை?

பெருக்க வரும் பஞ்சவர்ணம் அக்கா எப்போதும் அந்த மிஷினைச் சுற்றி ஒரு சதுரத்தை விட்டுவிட்டுத்தான் பெருக்குவார். முட்டி வலி என்பார். அன்று அந்தப் பக்கமே வரவில்லை. ஏனென்று கேட்டதற்கு, “நீ அத்த இன்னா பண்ண நைனா?” என்று திருப்பிக் கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை. காலை 8:04. ஹாலில் நான் மட்டும். அக்கா வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

டொம்.

திரும்பிப் பார்த்தேன். திரையில் பாட்டு ஓடவில்லை.

டொம்.

எண்ணினேன். நான்கு நொடி... டொம். நான்கு நொடி... டொம்.

இது எந்தப் பாட்டின் தாளமும் இல்லை. தகடு வை. கை எடு. அமுக்கு. தகடு எடு. நான்கு நொடி. ஆறு வருடம் என் உடம்பில் ஊறிய தாளம்.

ஒயர் லூஸாகியிருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மிஷினின் மெயின் சுவிட்சை அணைத்தேன். சத்தம் நின்றது. 8:07.

வலது டிரம்மின் தோலைக் கழற்றினேன். உள்ளே இரும்புத் தகடு, அதன் நடுவில் ஒயர். முறுக்கு அவிழ்ந்திருந்தது. குனிந்து வலது கையால் ஒயரைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் டேப்பைத் தேடினேன். டேப்பும் குச்சியும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன.

இடது கை திடீரென்று மரத்துப்போனது. தோளுக்குக் கீழே கை இருக்கிறதா என்றே தெரியவில்லை.

தகடு சில்லென்று இருந்தது. ஈரமாக. ஆயில்.

அணைத்துவைத்த திரையில்... ஒரு பெரிய சிவப்பு வட்டம்.

மெதுவாகக் கோட்டை நோக்கி வந்தது.

வலது கையை எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. மணிக்கட்டை யாரோ தகட்டோடு அழுத்தியது போல.

வட்டம் கோட்டைத் தொட்டது.

டொம்.

ஆள்காட்டி விரல் நசுங்கியது. எலும்பு முறிந்தது காதில் கேட்டது.

ஒன்று... இரண்டு... மூன்று...

டொம்.

நடுவிரல். நகம் தெறித்து என் கன்னத்தில் பட்டது.

கத்தினேன். கண் இருட்டியது. அடுத்த வட்டம் வந்துகொண்டிருந்தது.

டொம்.

மோதிர விரல் இருந்த இடத்தில் கூழ்.

அப்போதுதான் புரிந்தது. கட்டிவிட்டேன். மறுபடியும் ஒரு பட்டனைக் கட்டிவிட்டேன்.

ஒயர் என் முகத்துக்கு நேராக இருந்தது. பல்லால் கடித்தேன். இழுத்தேன்.

அறுந்தது.

திரை இருண்டது.

8:09.

ஆஸ்பத்திரியில் மூன்று விரலையும் எடுத்துவிட்டார்கள். நான்காம் நாள் பஞ்சவர்ணம் அக்கா பார்க்க வந்தார். கட்டில் பக்கத்தில் தரையில் குந்திக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். அந்த ஷெட் முன்பு பிரஸ் ஷாப்பாக இருந்ததாம். அக்கா அங்கேயும் பெருக்கினாராம். டிரம் கேம் நிற்கும் இடத்தில் நின்றது நாலாம் நம்பர் பிரஸ். ஓட்டியவர் நாகப்பன். பட்டனைக் கட்டித்தான் ஓட்டச் சொன்னார்கள்.

“மொத இடிலயே வலது கை விரலு பூட்ச்சி. ஆனா அவுரு நிறுத்தல நைனா. கத்தினே கீறாரு, இடது கை மட்டும் பட்டன அமுக்கினே கீது. நாலு ஆளு புடிச்சி இழுத்தோம். அப்பவும் அந்தக் கை காத்துல அமுக்கினே இருந்திச்சி. ஆஸ்பத்திரிக்குப் போற வண்டிலயே உயிரு பூட்ச்சி.”

டிஸ்சார்ஜ் ஆன அன்று கிருபாகரன் வீட்டுக்கு வந்தார். கிண்டல் இல்லை, மாமே இல்லை. செல்போனை என் முன்னால் வைத்து, “நீயே பாரு” என்றார். கேமரா பதிவு. வெள்ளிக்கிழமை காலை, 8:07.

திரை முழுக்க இருட்டாகவே இருக்கிறது. சிவப்பு வட்டம் இல்லை. ஹாலில் வேறு யாரும் இல்லை. நான் குனிந்திருக்கிறேன். என் இடது கை டேப்பைத் தாண்டிப் போய்க் குச்சியை எடுக்கிறது. ஓங்குகிறது. என் வலது கைமேல் இறக்குகிறது. முகம் கதறுகிறது. கை மட்டும் நிதானமாக இருக்கிறது. நான்கு நொடிக்கு ஒரு தடவை.

அப்பாவைப் போல எனக்கும் இப்போது ஏழு விரல். வலது கையால் பேனா பிடிக்க முடியாது. இதையெல்லாம் எழுதியது இடது கைதான்.

தூங்கும் முன் சாவித்திரி அதைக் கட்டில் காலோடு கட்டிவிடுகிறாள். கயிறு தாங்கவில்லை. சைக்கிள் டியூப் வாங்கி வைத்திருக்கிறோம்.