மேகச் சூடு

என் வீட்டுக்காரர் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். ஒரு கோடையில் அவர் உள்ளங்கையிலும் பாதத்திலும் செம்புள்ளிகள் கிளம்பின. உடம்பில் மேகச் சூடு ஏறிவிட்டது என்று மாமியார் எண்ணெய் தேய்த்துவிட்டார். புள்ளிகள் மறைந்ததும் சூடு இறங்கிவிட்டதாக அவருக்கு ஒரே பெருமை.

சில மாதங்களில் இவருக்குக் கண் சிவந்து பார்வை மங்கியது. கல்தூசி என்று சொட்டுமருந்து விட்டுக்கொண்டே வண்டி ஓட்டினார்.

கடைசியில் திருச்சியில் ரத்தம் சோதித்த டாக்டர், கூடப் போன என் முன்னாலும் மாமியார் முன்னாலும் உடைத்துச் சொல்லக் கூச்சப்பட்டு, "இது மேகம்ங்க. ரெண்டு பேருமே பாத்துக்கணும்" என்றார். நாசமாய்ப் போன கூச்சம்!

"மேகச் சூடுதானே, நான் அப்பவே சொல்லல?" என்றார் மாமியார். டாக்டர் சொன்ன மேகம் சூடு இல்லை, ஆம்பளை வெளியே போய் வாங்கி வரும் நோய் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியும். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

படுக்கவைத்து நரம்பில் பெனிசிலின் ஏற்றினார்கள். நோய் நின்றது, போன பார்வை போனதுதான்.

"ரெண்டு பேரும்னு டாக்டர் ஏன் சொன்னாரு?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"சும்மா சொல்லுவாங்க" என்றார்.

அந்த ஐப்பசியில் என் உள்ளங்கையிலும் செம்புள்ளிகள் வந்தன. மாமியார் எண்ணெய் காய்ச்சினார். தேய்த்துக் குளித்தேன். எனக்கும் சூடு இறங்கிவிட்டது.