தாவீது போட்ட பனித்தோட்டம்

ஆட்டுக்கொட்டிலா? அதெல்லாம் நடக்காது, மூப்பரே. தாவீதின் கல்லறையில் மண் தள்ளி முடிப்பதற்குள், "இனி அந்தத் தோட்டம் எதுக்கு அண்ணாச்சி? நாலு தூணு நட்டுக் கொட்டில் போட்டுறலாம்" என்று என் காதில் சொல்லிவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போய்விட்டீர்கள். கல்லறையில் நின்று சண்டை போட முடியுமா? அதனால் உங்கள் சபை அச்சடிக்கும் தாளிலேயே எழுதுகிறேன். நான் உங்கள் சபையைச் சேர்ந்த வேதக்காரன் இல்லை, நாலாம் வகுப்பைத் தாண்டியவனும் இல்லை. பிழை இருந்தால் எனக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரைத் திட்டிக்கொள்ளுங்கள். அவருக்குக் காது கேட்காது.

செய்தி கரியில் ஓடும் பஸ்ஸில் வந்தது. திருச்சுழியிலிருந்து வந்த வண்டி என் பருத்திக் கிடங்கு வாசலில் நின்றது. கண்டக்டர் படியில் நின்றபடியே, "அண்ணாச்சி, உங்க கூட்டாளி தாவீது மக வீட்ல தவறிட்டாக. வெள்ளன முடிஞ்சிருச்சாம்" என்றார்.

"போய்யா, அந்தாளு என்கிட்டச் சொல்லாம பந்தல்குடிக்கே போக மாட்டான்" என்றேன்.

கண்டக்டர் சிரிக்கவில்லை. அப்போதுதான் நம்பினேன்.

தாவீது முப்பது வருஷம் நாடகக் கம்பெனிகளுக்கு மேடைப் படுதா தீட்டியவர். அரண்மனை, காடு, கடல் எல்லாம் தீட்டுவார். ஆனால் பனிமலை தீட்டத்தான் அவரைத் தேடி ஆள் வரும். உலகச் சண்டைக் காலத்தில் துணிக்குக் கட்டுப்பாடு வந்தது. படுதாவுக்குத் துணி இல்லை, கம்பெனியும் கலைந்தது. தூரிகைக் கட்டு ஒன்றோடு ஊருக்கு வந்து இறங்கினார். நான் சும்மா இருப்பேனா?

"ஏலே தாவீது, பனிமலையைக் கிழிச்சு வேட்டியாக் கட்டிக்கிட்டியா?" என்று கேட்டேன்.

"துணி இல்லாட்டி என்னலே சங்கரா? தரையிலயே சீன் போடுறேன், பாரு" என்றார்.

என் கிடங்குக்கு எதிரே, வேதக்கோயிலை ஒட்டி ஒரு துண்டுக் கரிசல் நிலம் சும்மா கிடந்தது. கிறிஸ்துமஸுக்கு அதில் ஒரு குளிர்காலத் தோட்டம் போட வேண்டும், சனம் உட்கார்ந்து பார்க்காமல் உள்ளே நடந்து பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. காணிக்கையாக வரும் ஆடுகளை அடைக்க அதே இடம் வேண்டும் என்பது மூப்பர் ஆசை. கடைசியில் மூப்பர் ஒரு கண்டிஷன் போட்டார். "போட்டுக்கிடும். சனம் பாத்துச் சிரிச்சுச்சுன்னா, மறுநாளே எடம் ஆட்டுக்கு."

"நீதான் பனியைக் கண்ணால கண்டதே இல்லையே?" என்று நான் கேட்டேன். "நம்ம ஊர்ல எவன் கண்டான்? கண்டவன் ஒருத்தன் இருந்தாத்தான்லே பயப்படணும்" என்றார்.

வேலையில் இறங்கியபின் அவரிடம் விளையாட்டு இல்லை. மேடையில் பத்தடிக்குள் பத்து மைலைக் காட்டிய மனிதர். வாசலில் முள் உடைமரத்தின் பெரிய கிளைகளை இலை உருவி, சுண்ணாம்பு அடித்து நட்டார். அதற்குப் பின்னால் இடுப்புயரத்துக்குப் பருத்திமார், பஞ்செடுத்தபின் காய்ந்து நிற்கும் செடிக்குச்சி. அதற்கும் பின்னால் முழங்கால் உயரத்துக்கு எள்ளுத்தட்டை. வண்டி போகும் அகலத்தில் தொடங்கிய பாதை, போகப் போக ஒடுங்கி, கடைசியில் கையகலமாகிவிடும். அங்கே முழங்காலளவில் ஒரு வெள்ளை மண்குவியல், அதுதான் மலை. கரிசல் காடு கண்ணில் படாமல் இரண்டு பக்கமும் ஓலைத் தட்டி. "பக்கவாட்டுல மறைக்காட்டி மேடை கிடையாதுலே. வெறும் பொட்டல்" என்பார்.

வாசலில் நின்று பார்த்தேன். இரண்டு மைலுக்கு அப்பால் மலை நின்றது. என்னை அறியாமல் தோள் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"உச்சி வெயில்ல நின்னு போத்துற பாத்தியா? எனக்கு இது போதும்லே" என்றார் தாவீது. நான் கேலி செய்ய மறந்து நின்றது அன்று ஒரு நாள்தான்.

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். பனிக்குப் பஞ்சு தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான். கொட்டை நீக்கச் சோம்பல்பட்டு, கிடங்கு மூலையில் கிடந்த பழைய பருத்தியைக் கொட்டையோடு அப்படியே அனுப்பிவிட்டேன். "கொட்டை இருந்தாத்தான் கனமா இருக்கும், காத்துல பறக்காது" என்று சமாளித்தேன். அவரும் தரையெல்லாம் பரப்பினார். கிறிஸ்துமஸுக்கு எட்டு நாள் இருக்கையில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் மழைக்காக அழுவோம். அந்த ஒரு வாரம் நான் மழை விட வேண்டும் என்று அழுதேன். விட்டது. ஆனால் கிறிஸ்துமஸ் காலையில் பனி முழுக்கப் பருத்தி முளைத்து இரண்டிரண்டு பச்சை இலை.

ஆராதனைப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. "வா, சனம் வெளிய வாரதுக்குள்ள பிடுங்கிருவோம்" என்று குனிந்தேன்.

தாவீது என் கையைப் பிடித்துக்கொண்டார். "தொடாத. பனிக்கு அடுத்த சீனு தானா வருது. வார சீனை எவனாவது தள்ளி விடுவானா?"

சனம் வந்தது. வாசலில் நெருக்கியடித்து நின்றது. அந்த நேரம் பார்த்து ஒரு காணிக்கை ஆடு தட்டியை முட்டிப் புகுந்து, பின்னால் மலைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு எள்ளுத்தட்டையைக் கடித்தது. மலையைவிட ஆடு உயரம்! காடே அதன் வயிற்றுக்குக் கீழே கிடந்தது. முதலில் சிரித்தவன் நான்தான். என் சிரிப்பு அப்படி, ஊரையே கூட்டிக்கொண்டு போகும்.

"சிரிச்சாச்சு. எடம் ஆட்டுக்கு" என்றார் மூப்பர்.

தாவீது அசையவில்லை. "சிரிச்சாக மூப்பரே. யாராவது பாதியில போனாகளா? ஆட்டத்துல சிரிப்பு சேதமில்ல. பாதியில எந்திரிச்சுப் போறதுதான் சேதம். எண்ணிக்கிடும்."

யாரும் போகவில்லை. ஆடு போன பிறகும் போகவில்லை. பனிக்குள் குனிந்து முளையை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சபை விருந்துச் சோறு ஆறிப்போயிற்று. இடம் தோட்டமாகவே இருந்தது. அதன்பின் தாவீது என்னிடம் கொட்டை நீக்கிய பஞ்சு கேட்டதே இல்லை. வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்கு முளை வர நாள் கணக்குப் பார்த்து அவரே தண்ணீர் தெளிப்பார்.

இவ்வளவையும் எழுதி, அச்சுக்குக் கொடுக்கும் முன் மூப்பரைக் கிடங்குக்கு வரவழைத்து வாசித்துக் காட்டினேன். பருத்தி மூட்டை மேல் உட்கார்ந்து கேட்டார்.

"ஆட்டுச் சங்கதிய எழுதணுமாக்கும்?" என்றார்.

"அது நீரு கட்டாம விட்ட ஆடு. எழுதாம விடுவனா?" என்றுவிட்டு மேலே வாசித்தேன்: "தாவீதின் பொருளில் என்னிடம் இருப்பது அவர் சுண்ணாம்பு அடித்த பனைநார்த் தூரிகை. கல்லாய் இறுகிக் கிடந்தது. அடக்கத்தன்று தண்ணீரில் ஊறப்போட்டேன், இன்றைக்கு இளகிவிட்டது. இந்த மார்கழியில் பனியை நான் போடுவேன். எனக்குக் கோடு நேராக வராது. மலை கோணலாக இருக்கும். சிரிக்கிறவர்கள் வந்து சிரிக்கட்டும்..."

மூப்பர் எழுந்துவிட்டார்.

"மூப்பரே, பாதியில போறீகளே! ஆட்டம் தோத்துப்போச்சா?"

தாளும் கையுமாக வாசலுக்கு ஓடினேன். அவர் நேரே தோட்டத்துக்குள் போனார். அடக்கம் முடிந்த கையோடு அவரே உள்ளே மேயவிட்டிருந்த காணிக்கை ஆடுகளை அதட்டி ஒவ்வொன்றாக வெளியே விரட்டினார். தோட்டத்து வாசலின் முள்படலை இழுத்து இறுக்கி அடைத்தார். என் பக்கம் திரும்பாமலே வீட்டுக்கு நடந்தார்.

எனக்கு இன்னும் நாலு வரி பாக்கி இருந்தது.