வாட்ச் கெட்டுப்போகவில்லை

தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கண் முன்னால் சட்டென்று இருட்டியது. கரண்ட் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். மகள் ஜெனி அடுத்த அறையில் விளக்குப் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வெளிச்சம் தெரிந்த பிறகுதான் இருட்டியது எனக்கு மட்டும் என்று புரிந்தது.

பித்தமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு மிச்சத் தேங்காயையும் துருவி முடித்தேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை. சொன்னால் ஓட்டத்தை நிறுத்தச் சொல்வார்கள்.

நான் ஓடுகிறவள். நாற்பதைத் தாண்டித்தான் தொடங்கினேன். நாகர்கோவிலில் மின் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு வேலை. விடியுமுன் சோறு வடித்து, குழம்பு வைத்து, ஜெனிக்கு டப்பா கட்டிவிட்டு, சுசீந்திரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வயல் ரோட்டில் இறங்குவேன். பின்னால் என் கணவர் செல்வின் ஸ்கூட்டரில் விளக்குப் போட்டுக்கொண்டு வருவார். நாய்த் தொல்லைக்காக ஆரம்பித்த ஏற்பாடு அது. பகலெல்லாம் அவர் கருங்கல் ஊரில் தன் செல்போன் பழுதுபார்க்கும் கடையில், நான் ஆபீசில். அதனால் நாங்கள் இருவரும் சேர்ந்திருக்கும் நேரமே அதுதான் என்றாகிவிட்டது. ஒரு முழு மாரத்தான், நாற்பத்திரண்டு கிலோமீட்டர், ஓடிவிட வேண்டும் என்று பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஓடுகிறவர்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. காலையில் படுக்கையில் கிடந்தபடியே வாட்ச்சில் நாடித்துடிப்பைப் பார்ப்போம். பயிற்சி பெற்ற இதயம் நிதானமாகத் துடிக்கும். எண் குறையக் குறையப் பெருமை. எனக்கு ஐம்பது வந்தது, நாற்பத்தைந்து வந்தது, பிறகு நாற்பதுக்கும் கீழே போயிற்று. எங்கள் ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் அதைப் படமெடுத்துப் போட்டேன். கை தட்டும் படங்கள் வந்து குவிந்தன. ஆராதனை முடிந்து சர்ச்சுக்கு வெளியே நின்றவர்களிடம் செல்வின், "எம் பொண்டாட்டிக்கு நாடி முப்பத்தெட்டுதான், கேட்டியளா! நமக்கெல்லாம் எம்பது" என்று சொல்லித் திரிந்தார். நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன்.

எதைக் காட்டிப் பாராட்டு வாங்கினோம் என்று அப்போது தெரியாது.

ஆபீஸ் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. வருடக் கணக்கு முடிக்கும் நேரம், அலைச்சல் என்று விட்டுவிட்டேன். ஒரு சனிக்கிழமை பூதப்பாண்டிப் பக்கம் ஏற்றமான ரோட்டில் ஓடினேன். நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. வாட்ச்சைப் பார்த்தால் நாற்பத்திரண்டு என்கிறது. ஏற்றத்தில் ஓடினால் எனக்கு நூற்றைம்பதாவது காட்ட வேண்டும்.

"இந்தச் சவம் கெட்டுப்போச்சு" என்று கழற்றிச் செல்வினிடம் கொடுத்தேன். பழுதுபார்க்கிறவர் வீட்டிலேயே இருக்கிறாரே!

அன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார். வாட்ச் அவர் கையில் இருந்தது.

"ஏட்டி, இதுக்கு ஒரு கேடும் இல்ல. பகல் பூரா நான் எங்கையில கெட்டிப் பாத்தாச்சு. எனக்குச் சரியாத்தான் காட்டுது."

அவரே என் கையில் கட்டிவிட்டார். முப்பத்தாறு.

"தலைசுத்து ஏதும் உண்டா?"

"ரெண்டு மூணு தடவ வந்துது."

"எங்கிட்ட சொல்லாண்டாமா?"

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. எனக்கு அதுதான் கூடுதல் பயமாக இருந்தது.

மருத்துவமனையில் ஈசிஜி (இதயத்தின் மின்னோட்டத்தைக் கோடுகளாக வரையும் சோதனை) எடுத்தார்கள். எடுத்த பெண் தாளைக் கிழித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். சக்கர நாற்காலியோடு திரும்பி வந்தாள். நான் நடப்பேன் என்றேன். "நடக்கப்படாதுக்கா" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "ஓடுறவங்களுக்கு நாடி குறையும், அது நல்லதுதான். ஆனா ஓடும்போது ஏறணும். உங்களுக்கு ஏறவே இல்ல. மேல உள்ள அறை ஒழுங்கா அடிக்குது. அந்தத் தகவல் கீழ போய்ச் சேரல."

அதன் பெயர் முழு இதய மின்தடை (மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழறையை எட்டாததால், கீழறை தன்போக்கில் மெதுவாகத் துடிக்கும் நிலை). மின் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

"நின்னுபோகுமா டாக்டர்?"

"போகலாம். அதனாலதான் உங்கள இப்ப வீட்டுக்கு விடல."

துடிப்பு நிற்காமலிருக்க, தொடை வழியாக இதயத்துக்குள் தற்காலிகமாக ஒரு கம்பியை விட்டார்கள். காலை அசைக்கக் கூடாது. தலைமாட்டில் திரையில் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்தது வருமா என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன். இடையில் இருக்கும் அந்தத் துளி நேரம் இவ்வளவு நீளமா? அதையா நான் பெருமையாக நினைத்தேன்?

ஜெனி வந்தாள். கட்டில் பக்கத்தில் வராமல் கதவோரம் நின்றாள். "அம்மா, நீ ஓடுனதாலயா?"

"இல்ல மக்களே. டாக்டரே சொல்லியாச்சு. ஏன் வந்துதுன்னு அவங்களுக்கும் தெரியல."

"பின்ன திருப்பியும் வருமா?"

கையை நீட்டினேன். அவள் வந்து பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் இடது காறையெலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் (இதயம் சுணங்கினால் மின்துடிப்புக் கொடுக்கும் சிறு கருவி) வைத்தார்கள். உள்ளே ஒரு தீப்பெட்டி அளவுக்கு மேடு. நாடி அறுபதுக்குக் கீழே போகாது என்றார்கள். வீட்டுக்கு வந்த பிறகு, கருவி குழம்பிவிடுமோ என்று மோட்டார் ஓடும் இடத்தில் நிற்கப் பயந்தேன். ஜெனி ஓடிவந்து கட்டிப்பிடித்தால் பயந்தேன். தூங்கப் பயந்தேன். என் வலது கை எந்நேரமும் அந்த மேட்டின் மேலேயே கிடந்தது. ஆபீசில்கூட இடது கையால் தாள் புரட்டினேன்.

இதே நோயோடு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். புண் ஆறிவிடும். பயம் அவ்வளவு லேசில் ஆறாது. ஆறவில்லையே என்று உங்களையே ஏசிக்கொள்ளாதீர்கள்.

சில மாதம் கழித்து மெதுவாக ஓடலாம் என்றார் டாக்டரம்மா. மறுபடியும் வயல் ரோடு. வலது கை நெஞ்சில், பின்னால் ஸ்கூட்டர். "பைய, பைய" என்று செல்வின் சொல்லிக்கொண்டே வருவார். வாட்ச்சை நான் கட்டவில்லை. அவர் வண்டிச் சத்தம்தான் எனக்குத் துணை.

போன வாரம் பாதி வழியில் அந்தச் சத்தம் சட்டென்று நின்றது. விளக்கும் அணைந்தது.

எனக்குத்தான் இதயம் நின்றுவிட்டது என்று நினைத்தேன். அப்படியே நின்றேன். மேட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, விழப்போகிறேன் என்று காத்திருந்தேன். விழவில்லை. தவளைச் சத்தம் கேட்டது.

"ஏட்டி, பெட்ரோல் தீந்துபோச்சு!"

வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "வெளங்காத மனுசா! எனக்கு உயிரே போச்சு!" என்று கத்தினேன். அவர் பயந்துபோய், "போகல இல்லியா?" என்றார்.

போகவில்லை. நெஞ்சு தடதடவென்று அடித்தது. எத்தனை என்று பார்க்க என்னிடம் வாட்ச் இல்லை.

பெட்ரோல் பங்க் தூரம். ஆபீசுக்கு நேரமாகும், ஜெனி காத்திருப்பாள். ஆகட்டும் என்று தோன்றியது. ஓட்டத்தின் நடுவில் நான் இதுவரை நின்றதே இல்லை. கிழக்கே வெளுத்துக்கொண்டு வந்தது. அவர் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார். நான் பின்னால் போய் ஒரு கையால் தள்ளிப் பார்த்தேன். வண்டி நகரவில்லை.

வலது கையை நெஞ்சிலிருந்து எடுத்தேன். இரண்டு கையாலும் தள்ளினேன்.