இன்சூரன்ஸுக்கு வாய்த்த அத்தை

கண்ணுச்சாமிக்கு லைசென்ஸ் கிடைத்தபோது வயது இருபத்தொன்று. மதுரைப் பழங்காநத்தத்தில் அன்றைக்குக் கார் ஓட்டத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால், தெருவே அவனைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தது. கார் என்றால் புதுக் கார் இல்லை. அவன் அப்பா டாக்ஸி ஓட்டிய பழைய ஆஸ்டின். யுத்தம் முடியும்வரை பெட்ரோல் இல்லாமல் அது கொட்டகையில் தூங்கியது. அதற்குள் அப்பாவும் போய்ச்சேர்ந்துவிட்டார். அம்மாவும் இரண்டு தங்கைகளும் இனி அந்தக் காரை நம்பித்தான் அடுப்புப் பற்றவைக்க வேண்டும்.

அந்த வருஷம்தான், 1946-ல், சர்க்கார் இன்சூரன்ஸ் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. யாரையாவது இடித்துவிட்டால் அடிபட்டவனுக்குக் கம்பெனி பணம் தரும். அதற்காக வண்டிக்காரன் முன்கூட்டியே கம்பெனிக்குக் கட்டிவிட வேண்டும். கட்டாத வண்டி ரோட்டில் ஓடக்கூடாது. நியாயமான சட்டம்தான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கண்ணுச்சாமி ஏஜெண்டு ஏஜெண்டாக அலைந்ததுதான் மிச்சம். வயதைக் கேட்டதும் ஒருவர் சிரித்தார். இன்னொருவர் லைசென்ஸைத் தொட்டுப் பார்த்து, மை காய்ந்த பிறகு வரச் சொன்னார்.

கடைசியில் தல்லாகுளம் ஏஜெண்டு வெங்கட்ரமணன்தான் வழி சொன்னார்.

"டாக்ஸின்னா உன் வயசுக்குக் கம்பெனி கேக்கறதைக் கொடுத்து மாளாது. சொந்த உபயோகம்னு போட்டுடறேன், பாதிகூட ஆகாது. ஆனா கூலிக்கு ஆள் ஏத்தப்படாது. ஏத்திண்டு போய் எங்கயாவது இடிச்சேன்னா கம்பெனி கையை விரிச்சுடும்."

"சொந்தக்காரங்களை ஏத்தலாமா, சாமி?"

"பேஷா ஏத்திக்கோ."

மதுரையில் சொந்தத்துக்கா பஞ்சம்? எதிரே வருகிற ஆண்பிள்ளை அண்ணன், வயதானால் சித்தப்பா, பெண்பிள்ளை அத்தை. மறுநாளிலிருந்து கண்ணுச்சாமியின் காரில் ஏறியவர்கள் எல்லோரும் உறவாகிப் போனார்கள். ஏறும்போதே சொல்லிவிடுவான்: "யாராச்சும் கேட்டா நம்ம சொந்தம்னு சொல்லுங்க. இறங்கையில குடுக்கறது கூலி இல்லை, மொய்." ஜனங்களுக்கு இது பிடித்துப்போயிற்று. வெற்றிலைக்குள் வைத்து மொய் எழுதிப் போனவர்கள்கூட உண்டு.

தல்லாகுளத்தில் இட்லிக் கடை வைத்திருந்த ரெங்கம்மாளும் இப்படி ஏறியவள்தான். புருஷன் இல்லை, ஒரே மகள் விஜயம். கொட்டாம்பட்டியில் பேச்சிமுத்து என்கிற, வயல் வைத்திருக்கும் சம்சாரியின் மகன் பசுபதிக்கு விஜயத்தைப் பேசி முடிக்கப் போய்க்கொண்டிருந்தாள். ஊர் எல்லையில் ஒரு திருப்பம். தலைமேல் வைக்கோல் கட்டோடு ஓர் ஆள் ரோட்டுக்குள் வந்தான். கண்ணுச்சாமி பிரேக்கை மிதித்தான். பழைய பிரேக். வைக்கோல் ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமுமாக விழுந்தார்கள்.

உயிருக்கு ஒன்றுமில்லை, கால் எலும்பு முறிந்துவிட்டது. அடிபட்டவன் பேயாண்டி, அதே பேச்சிமுத்துவின் வயலில் வேலை செய்கிறவன். ஊரே கூடியது, பேச்சிமுத்துவும் ஓடிவந்தார், பின்னால் ஏட்டு வந்தார். கண்ணுச்சாமி மனசுக்குள் கணக்குப் போட்டான். கூலி வண்டி என்று தெரிந்தால் கம்பெனி ஒரு காசு தராது. காரை விற்றாலும் பேயாண்டியின் காலுக்கு ஈடு கட்ட முடியாது. அவன் குழந்தைகளும் பட்டினி, தன் தங்கைகளும் பட்டினி.

ஏட்டு ரெங்கம்மாளைப் பார்த்தார். "வண்டிக்குக் கூலி எம்புட்டு பேசினீங்க?"

"கூலியா? என் அண்ணன் மகனுக்கு நான் கூலி குடுப்பேனா?" என்றாள் ரெங்கம்மாள். அண்ணனோடு பத்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லை, அவர் செத்த பிறகு பையன்மட்டும் வந்துபோகிறான் என்று கதையும் சேர்த்துச் சொன்னாள். சாதி ஒன்றாக இருந்ததால் கதை நின்றது.

நல்ல மனசுக்காரி. ஆனால் அவசரத்தில் முறையை யோசிக்கவில்லை. அக்காள் மகன் என்று சொல்லியிருந்தால் ஒரு வம்பும் இல்லை, விஜயத்துக்கு அவன் அண்ணனாகியிருப்பான். அண்ணன் மகன் என்றால் அத்தை மகளைக் கட்டிக்கொள்ள முதல் உரிமை உள்ளவன். கேட்டுக்கொண்டிருந்த பேச்சிமுத்துவின் முகம் மாறியது.

"முறைமாப்பிள்ளையைக் கையில வச்சுக்கிட்டா எங்க வீட்டுக்கு வந்தீக?"

"அவனுக்கு அந்த எண்ணம் இல்லைங்க."

"இல்லேன்னா அவனே சபையில சொல்லட்டும். நாளைக்கு எங்க பயலைப் பார்த்து ஒரு பேச்சு வந்துறக்கூடாது."

பேயாண்டியைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பணம் கொடுப்பதற்கு முன்னால் உறவு நிஜம்தானா என்று விசாரிக்கக் கம்பெனி ஆளை அனுப்பும் என வெங்கட்ரமணன் தகவல் சொன்னார். அதனால் கண்ணுச்சாமி தினமும் சாயங்காலம் ரெங்கம்மாள் வீட்டுக்கு உறவு படிக்கப் போனான். பாடம் நடத்தியவள் விஜயம்.

"எங்க அப்பா எந்தக் கையால சாப்பிடுவாரு?" என்று கேட்டாள்.

"வலது கை. எல்லாரும் அப்படித்தானே?"

"இடது கை. சொந்தக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கணும்ல. முதல்லேருந்து சொல்லுங்க."

அவன் தப்பாகச் சொல்லும்போதெல்லாம் அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சில பதில்களை அவன் வேண்டுமென்றே தப்பாகச் சொல்ல ஆரம்பித்தான். கம்பெனி ஆள் வந்தார், நாலு இட்லி சாப்பிட்டார், கேள்வி கேட்டார், திருப்தியோடு போனார். அதற்குப் பிறகும் கண்ணுச்சாமி சாயங்காலத்தில் அந்தப் பக்கம் போனான். கேட்டால் பேயாண்டியைப் பார்த்துவிட்டு வருகிற வழி என்பான். பெரியாஸ்பத்திரியிலிருந்து பழங்காநத்தம் போகத் தல்லாகுளம் வழி இல்லை. அது ரெங்கம்மாளுக்கும் தெரியும்.

நிச்சயத்துக்குப் பேச்சிமுத்து பதினைந்து பேரோடு வந்தார். கட்டுப் போட்ட காலோடு பேயாண்டியையும் வண்டியில் ஏற்றிவந்து சுவரோரம் உட்காரவைத்திருந்தார்கள். அவனுக்கு வரவேண்டிய பணம் இன்னும் வரவில்லை, அடுத்த வாரம் வரும் என்றிருந்தது. தாம்பூலம் மாற்றுவதற்கு முன்னால் பேச்சிமுத்து கண்ணுச்சாமியை நடுவில் அழைத்தார்.

"தம்பி, முறை உனக்குத்தான். நீ கட்டிக்கிறதா இருந்தா இப்பவே சொல்லிரு. நாங்க ஒரு வருத்தமும் இல்லாம எந்திரிச்சுப் போறோம். ஏம்மா, நீங்க என்ன சொல்றீக?"

"அவன் சொல்றதுதான்," என்றாள் ரெங்கம்மாள். அதைச் சொல்லிவிட்டு அவனையே பார்த்தாள்.

கண்ணுச்சாமி யோசித்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெண் அவனுக்கு. பொய் முறையாக இருந்தால் என்ன, சபை அதை ஒப்புக்கொண்டு நிற்கிறது. ஆனால் பொய் சொல்லிக் காரைக் காப்பாற்றினோம், அதே பொய்யைச் சொல்லி இன்னொருவனுக்குப் பேசிய பெண்ணையும் தட்டிக்கொண்டு போவதா என்று நினைத்தான். பசுபதி நல்ல பையனாக, கிணற்றுப் பாசனத்தோடு, வேர்த்துப்போய் எதிரே உட்கார்ந்திருந்தான். விஜயம் உள்ளே இருந்தாள். அவளுக்குப் பசுபதியைப் பிடித்திருக்கிறது போலும் என்று கண்ணுச்சாமி தானே முடிவுகட்டிக்கொண்டான்.

"எனக்குச் சம்மதம்தாங்க. பசுபதிக்கே தாராளமாக் குடுங்க," என்றான்.

பேச்சிமுத்து எழுந்து அவன் தோளில் ஒரு புது வேட்டியைப் போட்டார். சபை முழுதும் அவனைப் பெருந்தன்மைக்காரன் என்று புகழ்ந்தது. இல்லாத உரிமையை விட்டுக்கொடுத்தவனுக்கு இவ்வளவு வலிக்குமா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பெரியவர்களைப் பஸ்ஸுக்குக் கொண்டுவிடக் காரை எடுக்க வெளியே வந்தான். தாம்பூலப் பையைக் கொடுக்கிற சாக்கில் விஜயம் வாசலுக்கு வந்தாள். நிச்சயப் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். சிரிக்கவில்லை.

"அம்புட்டுப் பேருக்கு நடுவுல கேட்டாகல்ல?" என்றாள்.

"கேட்டாக. ஆனா அந்த முறை நெசம் இல்லையே, விஜயம். உன் மனசுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் பையை அவன் கையில் கொடுத்தாள்.

"என்னை ஒருத்தரும் கேக்கலை. உங்களைத்தான் கேட்டாக."