நாகர்கோவில் வழி

1. எங்கள் ஊர்த் திருவிழாப் பந்தாட்டத்தில் அக்கரை அணி போட்ட கோல் செல்லாது என்று நடுவர் ஊதினார்.

2. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் மைக்கில், அக்கரையோடு இனிப் பேச்சு இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை, பெண் கேட்டுப் போவதும் இல்லை என்று அறிவித்தார்கள்.

3. ஊர்த்தலைவர் கருங்கலுக்குப் பஸ் ஏறி வந்து, மாமாவின் கடையில் ஒரு கணினியின் பொத்தானை அழுத்தினார்.

4. வளைகுடாவில் மீன்பிடிக்கப் போயிருந்த அப்பாவிடமிருந்து போன் வருவது நின்றது.

நடந்தது இந்த வரிசையில்தான். வீட்டில் இந்தக் கதையைச் சொல்லும்போது மூன்றாவதை விட்டுவிடுவார்கள். மைக் அறிவிப்பிலிருந்து நேராக அப்பாவுக்குத் தாவிவிடுவார்கள். மூன்றாவது நடந்தபோது நான் அங்கே இருந்தேன். ஆறாம் வகுப்புச் சீருடையில், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில்.

என் பள்ளிக்கூடம் கருங்கலில். அம்மாவின் தம்பியான மாமாவுக்கு அங்கே சந்தைப் பக்கம் ஒரு மாடியில் பிரவுசிங் சென்டர். பள்ளி விட்டதும் நான் அங்கே போய்விடுவேன். மாமா கடையைச் சாத்தியதும் இருவரும் ஒரே பஸ்ஸில் ஊருக்குத் திரும்புவோம். கடையின் மூலையில், தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில், ஒரு பழைய கணினி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அதை யாருக்கும் வாடகைக்கு விடுவதில்லை. அதன்மேல் டீ கிளாஸ் வைத்தவர்களை மாமா மறுபடி கடைக்குள் விட்டதும் இல்லை.

அந்தக் கணினியில்தான் எங்கள் கடற்கரைக்காரர்களின் பேச்சு நடந்தது. அக்கரையில் இதைப்போல ஒரு கணினி இருந்தது. நாகர்கோவிலில் மாமாவின் சிநேகிதர் ஒருவர் ஒன்று வைத்திருந்தார். வளைகுடாவில் நம் ஆட்கள் தங்கும் அறைகளில் இரண்டு மூன்று. எங்கே இருந்தாலும் இன்டர்நெட் வழியாக அவரவர் தம் ஊர்க் கணினியிலோ அறைக் கணினியிலோ எழுதுவார்கள். அது எழுதியதைப் பிரதியெடுத்துத் தனக்குத் தெரிந்த கணினிகளுக்குக் கொடுக்கும். அவை தங்களுக்குத் தெரிந்தவற்றுக்குக் கொடுக்கும். எந்தத் துறைமுகத்தில் என்ன மீன் படுகிறது, யார் லீவில் ஊருக்கு வருகிறார், திரும்பும்போது பார்சலில் முந்திரிக்கொத்து கொண்டு வருவாரா, எந்த நடிகர் படம் ஓடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். பெரிய கம்பெனிகள் இதற்கெல்லாம் இலவசமாக இடம் தரும்போது எதற்கு இந்தப் பாடு என்று கேட்டவர்களுக்கு மாமாவிடம் ஒரே பதில்தான். “அடுத்தவன் முற்றத்துல இருந்து பேசுனா அவன் எப்ப வேணும்னாலும் கேட்டைப் பூட்டுவான். நம்ம முற்றத்துல இருந்து பேசணும், கேட்டியா.”

அக்கரை என்பது எங்கள் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே ஆறு கடலில் சேரும் பொழிக்கு அந்தப் பக்கம். இங்கே நின்று கூப்பிட்டால் அங்கே கேட்கும். விலக்கு அறிவித்த பிறகு யாரும் கூப்பிடவில்லை.

அறிவிப்பு வந்த மறுநாள் ஊர்த்தலைவர் ஊர்க் கமிட்டிக்காரர் இருவரோடு மாடியேறி வந்தார். மாமா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தலைவர் உட்காரவில்லை.

“ஏலே, உனக்க பெட்டியில அக்கரைக்காரனுவ இப்பவும் பேசுதானுவளாமே. ஊர் முடிவு இதுக்கும் சேர்த்துதான்.”

“சரி அண்ணே.”

“இதுக்குத் தலைவர் யாரு? அவரைக் காட்டு, நான் பேசுதேன்.”

“தலைவர் கிடையாது அண்ணே.”

தலைவர் கமிட்டிக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்களும் இப்படியொரு காரியத்தைக் கேள்விப்பட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“தலைவர் இல்லாம எப்படிலே நடக்கும்?”

“நடக்குது அண்ணே.”

“சண்டை வந்தா?”

“அவனவன் கதவை அவனவன் சாத்திக்கிடலாம்.”

“அப்பச் சாத்து. அக்கரைக்குப் போற வயரு எது?”

அக்கரைக்குப் போகிற வயர் என்று தனியாக எதுவும் இல்லை என்பதை மாமா விளக்கவில்லை. ஒரு வரியைத் தட்டச்சு செய்து, விசைப்பலகையின் ஓரத்திலிருந்த பெரிய பொத்தானைக் காட்டி, “நீங்களே அமத்துங்க அண்ணே, ஊர் சார்பா” என்றார். தலைவர் வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டார். கோயில் அடிக்கல்லுக்குச் சாந்து பூசுகிற முகத்தோடு, கட்டைவிரலால் அழுத்தினார்.

“முடிஞ்சா?”

“முடிஞ்சு.”

படியிறங்கப் போனவர் நின்றார். “அந்த நாகர்கோவில்காரனோட உள்ளதை ஒண்ணும் செய்யலியே?”

“இல்லண்ணே. அது அப்படியே இருக்கு.”

“அது கெடக்கட்டு,” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

எனக்கு மாமாமேல் கோபமாக இருந்தது. அக்கரையில் ஒரு அக்கா தினமும் விடுகதை எழுதுவாள். மறுநாள் விடையும் எழுதுவாள். அன்றைக்கு விடை வரவில்லை. கதவைச் சாத்திவிட்டதால் வரவில்லை என்று நினைத்தேன். உண்மையில் அக்கரைக்காரர்களே ரோஷத்தில் எழுதுவதை நிறுத்தியிருந்தார்கள்.

அப்பாவின் போன் வெள்ளிக்கிழமைதோறும் வரும். அங்கே அதுதான் லீவு நாள். ஒரு வெள்ளி வரவில்லை. கடலில் இருப்பார் என்று அம்மா சொன்னாள். அடுத்த வெள்ளியும் வரவில்லை. அதற்குள் அப்பாவோடு அறையில் தங்கியிருந்த ஒருவர் எங்கள் கணினியில் எழுதிவிட்டார்: பெரிய காற்று அடித்தது, மற்ற மீன்பிடி லாஞ்சுகள் திரும்பிவிட்டன, அப்பா போன லாஞ்சு மட்டும் திரும்பவில்லை.

அம்மா அழவில்லை. ஆனால் சோற்றில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். மாமா பஸ்ஸிலிருந்து இறங்கும் நேரத்துக்கு ஓடைப் பாலம் வரை வந்து நிற்பாள்.

“லேய், அந்தப் பெட்டியில ஏதாவது வந்தா?”

“கேட்டிருக்கேன் அக்கா.”

“யாருகிட்ட?”

“எல்லார்கிட்டயும்.”

“எல்லார்கிட்டயும்னா? பக்கத்து நாட்டு ஹார்பர்ல அக்கரைக்காரன் ஒருத்தன் ஐஸ் பிளான்ட்ல வேலைக்கு நிக்கான்னு சொல்லுதாவ. காத்து அந்தப் பக்கந்தானே தள்ளும்? அவன்கிட்ட கேட்டியா?”

மாமா செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தார். அம்மா அவரை விட்டுவிட்டு நேரே தலைவர் வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

தலைவர் வலை மிதவைகளைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தார். அம்மா வாசலிலேயே நின்று கேட்டாள். அக்கரைக்குப் பேச விடுங்கள், எனக்காக ஒரு நாள் மட்டும்.

“ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு கமிட்டி கூடட்டு மக்களே. நான் மட்டும் சொல்லுத காரியமா இது?”

“கடல்ல கெடக்கவனுக்கு ஞாயிறும் திங்களும் உண்டுமா அண்ணே?”

தலைவர் கோப்பதை நிறுத்தினார். கையிலிருந்த மிதவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா என் கையைப் பிடித்திருந்த பிடி, சாப்பிடும்போதும் விரல்களில் வலித்தது.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி அரைநாள். மாமா டீ வாங்கப் போயிருந்தார். மூலைக் கணினியின் திரையைப் போட்டால் புதிதாக ஒரு பதிவு இருந்தது. அப்போதெல்லாம் தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுதுவார்கள். எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

“இக்கரை சகோதரர்களுக்கு. காற்றில் எல்லை தாண்டி வந்த லாஞ்சு ஒன்றை இங்கே பிடித்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஐஸ் கொண்டு போனபோது ஆட்களைப் பார்த்தேன். எல்லோரும் சுகம். போனைப் பிடுங்கிவிட்டார்கள், பேப்பர் சரியானால் விடுவார்களாம். அதில் ஒருத்தனை எனக்குத் தெரியும். எங்கள் பெனால்டியைத் தடுத்த அந்த நெட்டைக் கோல்கீப்பர். மூன்று நேரமும் திங்கிறான். மீனுக்கு மசாலா போதாது என்று என்னிடமே குறை சொல்கிறான். கொழுப்பு இன்னும் இறங்கவில்லை என்று அவன் வீட்டில் சொல்லிவிடுங்கள்.”

அந்த நெட்டைக் கோல்கீப்பர் என் அப்பா. கல்யாணத்துக்கு முன்னால் தடுத்த பெனால்டி அது. எங்கள் வீட்டில் அதைச் சொல்லாத கிறிஸ்துமஸ் கிடையாது.

மாமா டீயோடு வந்தார். நின்றபடியே வாசித்தார். பிறகு டீ கிளாஸை அந்தக் கணினியின் மேலேயே வைத்துவிட்டு முகத்தைக் கழுவப் போனார். திரும்பி வந்ததும் கேட்டேன்.

“மாமா, அக்கரையை வெட்டியாச்சே?”

“வெட்டினது வெட்டினதுதான் மக்களே. இது நாகர்கோவில்ல இருந்துல்லா வந்தது.”

பதிவின் தலைப்பில் ஒரு வரியைக் காட்டினார். வந்த வழி அதில் பஸ் போர்டு மாதிரி எழுதியிருந்தது: அக்கரை, நாகர்கோவில், இக்கரை. மாமா எல்லாரிடமும் கேட்ட கேள்வி இதே வழியில்தான் அங்கே போயிருக்கிறது. தலைவர் அழுத்திய பொத்தான் நேர் வழியை மட்டும்தான் அடைத்திருந்தது.

அன்று சாயங்காலம் எங்கள் வீடு நிறைய ஆட்கள். அந்தப் பதிவை மாமா தாளில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். அம்மா அதை என்னைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். மசாலா போதாது என்ற இடம் வந்ததும் ஒவ்வொரு தடவையும் சிரித்தாள், அப்போதுதான் அழுகையும் வந்தது. தலைவரும் வந்தார். விலக்கை மீறினால் அடுத்து மைக்கில் வருவது மாமாவின் பெயராக இருக்கும்.

“சேதி எங்க இருந்து வந்தது?”

“நாகர்கோவில்ல இருந்து அண்ணே,” என்றார் மாமா.

தலைவர் தாளை என் கையிலிருந்து வாங்கி, என்னிடமே திருப்பிக் கொடுத்து, வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ‘இக்கரை சகோதரர்களுக்கு’ என்பதை விட்டுவிட்டு வாசித்தேன்.

“நாகர்கோவில்காரனுக்கு இந்தப் பெனால்டி எப்படித் தெரியும்?”

அம்மா உள்ளே போய்க் கட்டங்காப்பி கொண்டுவந்து தலைவர் கையில் கொடுத்தாள். அவர் பாதி குடித்தார்.

“நல்ல பெனால்டிதான். நாகர்கோவில் வரைக்கும் பேர் போயிருக்கு பாரு.”

மீதியைக் குடித்துவிட்டுப் போனார். தலைவரை மாமா நன்றாக ஏமாற்றிவிட்டார் என்று நினைத்து அன்று நான் சந்தோஷமாகத் தூங்கினேன்.

பிறகு நானே கணினி படித்தேன். இப்படியொரு சர்வரை அமைக்க உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன்: வழியில் எங்கேயாவது அக்கரை என்ற பெயர் இருந்தால் தள்ளிவிடு என்று இன்னொரு வரி எழுத முடியும். சின்ன வரிதான். மாமா எழுதவில்லை. படிக்கட்டில் நின்று தலைவர் நாகர்கோவிலைப் பற்றி ஏன் கேட்டார் என்பதும் அப்போதுதான் மனதில் உறைத்தது. அவருடைய மூத்த மகனும் வளைகுடாவில்தான் இருந்தான்; எந்தக் கரைக்காரன் சேதி எப்போது தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்.

இன்றைய நிலை இது. அப்பா அந்த மாதமே விடுதலையானார்; இப்போது ஊரில் இருக்கிறார், மீனுக்கு மசாலா போதாது என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாமாவின் கடை ஜெராக்ஸ் கடையாகிவிட்டது. சர்வரை நான் பார்த்துக்கொள்கிறேன். தலைவர் அழுத்திய அந்தத் தடை இன்னும் அதில் இருக்கிறது. எடுக்கும்படி இரண்டு ஊரிலும் யாரும் கேட்கவில்லை. அக்கரைப் பதிவுகள் நாகர்கோவில் வழியாக நாள்தோறும் வந்துகொண்டிருக்கின்றன.