உளவுக்கு எந்த ‘ல’?

அடுத்தவர் போடும் சண்டையை முழுசாகப் படித்து, அதில் எதை விடலாம், எதைத் தூக்கலாம் என்று முடிவு செய்வதற்குச் சம்பளம் தருகிற வேலை ஒன்று உண்டு. அதைத்தான் நான் பார்க்கிறேன்.

சத்துவாச்சாரியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் செய்தித் தளத்தின் ஆபீஸ். வாசகர்கள் எழுதும் கமெண்ட் உடனே பக்கத்தில் ஏறிவிடும். கெட்ட வார்த்தை, மிரட்டல், வட்டிக்கடை விளம்பரம் இதெல்லாம் இருந்தால் பிறகு நான் எடுப்பேன். சினிமாச் செய்திக்கு வருகிற கமெண்ட் சுலபம். அரசியலும் பழகிவிட்டது. என்னைப் பேஜார் பண்ணுவது போர்ச் செய்திதான். அதிலும் “போர் வருமென்று உளவுத்துறைக்கு முன்னாடியே தெரியுமா?” என்று எங்கள் எடிட்டர் ஒரு கட்டுரை போட்டார் என்றால், அன்று மத்தியானச் சோறு எனக்குச் சாயங்காலம்தான். நீங்களும் ஏதாவது குரூப்பில் நியாயம் பேசப் போய், நியாயத்தை விட்டுவிட்டு ஒரு எழுத்துக்காகத் திட்டு வாங்கியவராக இருப்பீர்கள். அப்படியானால் நாம் ஒரே கேஸ். உங்களிடம் சொன்னால்தான் புரியும்.

மானியம்

ஈராக் போர் முடிந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அங்கே பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று போருக்கு முன்பு சொல்லப்பட்ட தகவல் எப்படிப் பொய்யாய்ப் போனது என்று ஒரு கட்டுரை போட்டிருந்தோம். எல்லைச்சாமி என்ற பேரில் ஒருவர் முதல் கமெண்ட் எழுதினார். கணியம்பாடிக்காரர், ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ரிட்டையர் ஆனவர். எந்தப் போரைப் பற்றி எழுதினாலும் வந்துவிடுவார். “உழவுத்துறை சரியாகத்தான் சொன்னது, மேலே இருப்பவர்கள்தான் மாற்றிவிட்டார்கள்” என்பது அவர் கட்சி.

அதற்குக் கீழே பிழைதிருத்தி என்ற பேரில் இன்னொருவர் வந்தார். “உழவுத்துறை சொன்னால் நாற்று எப்போது நடலாம் என்றுதான் சொல்லும். அது உளவுத்துறை ஐயா” என்றார். நீ ராணுவத்தில் இருந்தாயா என்று இவர் கேட்டார். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாயா என்று அவர் கேட்டார். இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்தது. ஈராக்கை எல்லோரும் மறந்துபோனார்கள். ழகரமா ளகரமா என்று நூற்றுக்கணக்கில் கமெண்ட் ஏறிய பிறகு, நடுவில் ஒரு விவசாயி நல்ல மனசோடு உள்ளே வந்தார். அவர் எழுதியது: “உழவுத்துறைன்னு போட்டிருந்துச்சு, அதான் வந்தேன். சொட்டுநீர் மானியம் இப்ப தர்றாங்களா சார்?”

காணாமல் போன த்

அடுத்த முறை மாட்டியது நாங்களே. உளவு என்று போட்டால்தானே வம்பு என்று யோசித்து எடிட்டர் பழைய சொல்லைத் தேடிப் பிடித்தார். ‘போருக்கு முன் கிடைத்த ஒற்று தகவல் பொய்யா?’ என்று தலைப்பு வைத்தார். ஒற்று என்றால் வேவு பார்ப்பது. அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்பது அவருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

தலைப்பு ஏறியதும் ஆபீசுக்குப் போன் வந்தது. பேசியவர் பிழைதிருத்தியேதான். சொந்தப் பேர் சேகர், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்க்கிறார். குரல் ரொம்பப் பணிவாக இருந்தது. “மேடம், ஒற்றுத் தகவல்னு நடுவுல ‘த்’ வரணும். ஒற்றுக்கே ஒற்று போடலன்னா எப்படி மேடம்?” என்றார். உங்களுக்கு இதையெல்லாம் பார்க்க எப்படி நேரம் கிடைக்கிறது என்று கேட்டேன். “காலைல இருந்து தையல்தான் பாக்கறேன். ஒரு நூல் விட்டிருந்தா பீஸ் ரிஜெக்ட். டீ டைம்ல போனை எடுத்தாலும் கண்ணு அதையேதான் தேடுது” என்றார். இதில் அவருக்குப் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை.

நான் எடிட்டரிடம் சொன்னேன். ‘த்’ போட்டால் செல்போனில் தலைப்பு இரண்டாவது வரிக்கு இறங்கிவிடும் என்று அவர் முதலில் மறுத்தார். கமெண்ட் பகுதியைத் திறந்து காட்டினேன். மேலிருந்து கீழே வரைக்கும் படித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: “தகவல் பொய்யான்னு கேட்டா ஒருத்தனும் பதில் சொல்லல ஜெசி. ‘த்’ எங்கன்னுதான் எல்லாரும் கேக்கறான். போட்டுத் தொல.”

நேரில் வந்த எல்லைச்சாமி

எழுதுகிறவர்களை நேரில் பார்க்கும் கொடுப்பினை எனக்கு அதிகம் கிடையாது. ஆனால் எல்லைச்சாமி ஒருநாள் ஆபீசுக்கே வந்துவிட்டார். ஒல்லியான ஆள், மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை. ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி என் மேஜைக்கு முன்னால் நின்றார். பிழைதிருத்தியை எங்கள் தளத்திலிருந்து தூக்க வேண்டும், அதுதான் கோரிக்கை. “ஊர்ல டீக்கடைல கூட இன்னா ஹவில்தார், ஏர் ஓட்டலையான்னு கேக்கறாங்கம்மா. மருமகன் முன்னாடி மரியாதை போச்சு” என்றார். அவர் சிரிக்கவில்லை. அதனால் நானும் சிரிக்கவில்லை.

யாரையும் பிழை திருத்தியதற்காகத் தூக்க முடியாது, நீங்கள் அந்த எழுத்தை மட்டும் கொஞ்சம் பார்த்து எழுதக் கூடாதா என்று கேட்டேன். எழுதுவதே இல்லை என்றார். வலது கை விரல் இரண்டு மடங்காது, சர்வீசில் இருந்தபோது பனியில் போனது. அதனால் போனைப் பார்த்துப் பேசுவார், போன் எழுதிக்கொள்ளும். கண்ணாடி போட்டுத் திருப்பிப் படிக்கிற பழக்கம் கிடையாது. அங்கேயே பேசிக் காட்டினார். உளவுத்துறை என்று நன்றாகவே சொன்னார். திரையில் உழவுத்துறை என்று வந்தது. நான் சொல்லிப் பார்த்தேன். எனக்கும் அதேதான் வந்தது. அவர் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: “நான் சரியாத்தாம்மா சொல்றேன். போன்தான் விவசாயம் பாக்குது.”

அன்னன்

இதற்குப் பிறகு ஒரு கட்டுரை வந்தது. போருக்கு முன்பே தங்கள் ஆட்களுக்கு மட்டும் எச்சரிக்கை கொடுத்து வெளியே எடுத்துவிட்ட நாடுகளைப் பற்றியது. வழக்கமான கூட்டம் கூடியிருந்த நேரத்தில், அதுவரை நான் பார்க்காத பேரில் ஒரு கமெண்ட் வந்தது. ரமணி என்ற பெண், ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை என்று பேருக்குக் கீழே போட்டிருந்தது. இப்படி எழுதியிருந்தார்: “எங்க அன்னன் குவைத்துக்கு டிரைவர் வேலைக்கு போச்சு. சண்டை வராதுனு ஏஜண்டு சொன்னாரு. சண்டை வந்ததும் பார்டர் தாண்டி லாரி ஓட்ட சொன்னாங்க. ரோட்டுலயே செத்துபோச்சு. முன்னாடியே தெரியும்னா எங்களுக்கு ஏன் யாரும் சொல்லல.”

அடுத்த நிமிஷம் பிழைதிருத்தியின் பதில் ஏறியது: “அன்னன் அல்ல, அண்ணன்.” அவ்வளவுதான். நான் அதை எடுப்பதற்குள் ஊரே அவர் மேல் பாய்ந்துவிட்டது. அவரைத் திட்டியவர்களில் பாதிப் பேருக்கு மேல், முந்தின வாரம் அவரோடு சேர்ந்து சந்தி பிரித்தவர்கள். அந்தப் பதிலையும் திட்டுகளையும் எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் சேகரே போன் பண்ணினார். அவர் முதல் இரண்டு வார்த்தையை மட்டும்தான் பார்த்தாராம், தப்பு தெரிந்ததும் கை தானாக அடித்துவிட்டதாம். கீழே என்ன எழுதியிருந்தது என்பதைப் பிறகுதான் படித்திருக்கிறார். “நானும் அதே ஊருதான் மேடம். அவங்க எந்தக் கம்பெனின்னு கூடத் தெரியல, எங்க லைன்லயே உக்காந்திருப்பாங்களோ என்னமோ” என்றார். பிறகு தயங்கித் தயங்கி, அந்த ஒரு எழுத்தை நீங்களாகவே மாற்றிவிட முடியுமா, இனி யாரும் அதை வைத்துச் சிரிக்கக் கூடாது என்று கேட்டார்.

வாசகர் எழுதியதில் கை வைக்க எங்களுக்கு அனுமதி கிடையாது. அதனால் ரமணிக்கு ஒரு செய்தி அனுப்பினேன். நடந்ததைச் சொல்லி, விருப்பம் இருந்தால் திருத்தித் தருகிறோம் என்றேன். சாயங்காலம் ஷிப்ட் முடிந்த பிறகு பதில் வந்தது. அதில் கோபம் எதுவும் இல்லை. “வேணாம் மேடம். அது எனக்கு லெட்டர் போட்டா அன்புல்ல தங்கச்சினுதான் எழுதும். நாங்க ரெண்டு பேரும் அப்படித்தான். இருக்கட்டும்.”

பதில்

அதற்குப் பிறகு அந்தக் கமெண்டுக்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை. எழுதினால் எதில் மாட்டுவோமோ என்று பயந்திருப்பார்கள். மறுநாள் காலையில் ரமணி மறுபடி வந்தார். எல்லைச்சாமியின் பேரைக் குறிப்பிட்டு, நீங்கள் மிலிட்டரியில் இருந்தவர் ஆயிற்றே, நிஜமாகவே முன்னாடி தெரியுமா என்று கேட்டிருந்தார்.

எனக்குக் கவலையாகிவிட்டது. அவர் எந்தப் போரை எடுத்தாலும், யாருக்கு எப்போது தெரியும் என்று கூடவே இருந்து பார்த்தது போல எழுதுகிறவர். இந்த அம்மாவிடம் எதையாவது அளந்துவிட்டால் என்ன செய்வது என்று மற்ற வேலையை ஓரம் வைத்துவிட்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் வரைக்கும் பதில் இல்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது இருந்தது. எப்போதும் போல நீளமாக இல்லை. போன் அதிலும் நாலைந்து தப்பு செய்திருந்தது. ஒருவர்கூட அதைத் தொடவில்லை. சேகர் தொடவே இல்லை. ஹவில்தார் எழுதியது, தப்புகளைக் கழித்து, இதுதான்: “மேல இருக்கறவங்களுக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியாதும்மா, இவ்ளோ நாளா தெரிஞ்ச மாதிரிதான் பேசிட்டேன். எங்களுக்கு யாரும் சொல்ல மாட்டாங்க. லீவு கேன்சல்னு சொன்னா, சண்டைன்னு நாங்களா புரிஞ்சுக்குவோம். உங்க அண்ணனுக்கு அதுகூட இல்ல.”

ரமணி அதற்கு ஒரு கும்பிடு போட்டிருந்தார். அதற்கப்புறம் எங்கள் பக்கம் அவர் வரவில்லை.

மறுபடியும்

அந்த வாரம் முழுக்கக் கமெண்ட் பகுதி ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி அமைதியாக இருந்தது. எல்லோரும் ஒருவரையொருவர் ஐயா, அம்மா என்று அழைத்துக்கொண்டார்கள். எடிட்டருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை, பார்வையாளர்கள் கம்மியாகிவிட்டார்கள் என்றார். திங்கட்கிழமை புதிதாக ஒரு போர்க் கட்டுரை போட்டார். ஹவில்தார் பேசினார், போன் எழுதியது. டீ டைமில் சேகர் வந்தார். இந்த முறை மட்டும் ஒரு வித்தியாசம், திருத்துவதற்கு முன்னால் ஒரு வரி சேர்த்திருந்தார்: “முழுசாகப் படித்துவிட்டேன் ஐயா, நீங்கள் சொல்வது நியாயம்தான். இப்போது எழுத்துக்கு வருவோம்.”

எந்தப் போர் ஏன் வந்தது என்று இதுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை, ஆனால் எங்கள் வாசகர்கள் புண்ணியத்தில் அந்தத் தெரியாமையைப் பிழையில்லாமல் எழுத வருகிறது.