குறை எண் ஆறு

குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஒரகடத்தில் கார் டேஷ்போர்டு செய்யும் ஒரு கம்பெனியில், லைனின் கடைசி ஆள். வருகிற ஒவ்வொன்றையும் டியூப் லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறலோ கறையோ இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிட வேண்டும். ஆறு வருடம் இதையே செய்ததில் எனக்கு அது வியாதியாகிவிட்டது. மெஸ் சாம்பாரை, ரூமில் இருப்பவன் வைத்த கிருதாவை, பஸ்ஸில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை என்று எதையும் விட்டுவைப்பதில்லை. ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் ஒரு சினிமாவைக் கடித்தேன்.

எண்பதுகளில் வந்த படம். ஒரு மந்திரவாதி, ஒரு அரக்கன், பறக்கும் கயிற்றுக்கட்டில். கதாநாயகன் அந்தக் கட்டிலில் நின்றுகொண்டே சண்டையும் போடுவான், சிரிப்பும் காட்டுவான். முழுப் படத்தையும் யாரோ நெட்டில் ஏற்றியிருந்தார்கள். கீழே கமெண்ட்டில் ஒரே புகழ்மாலை. 'இந்த மாதிரிப் படம் இனி வராது', 'சின்ன வயசு ஞாபகம்', 'அரக்கனைப் பார்த்து மூணு நாள் காய்ச்சலில் கிடந்தேன்'. எனக்குக் கை அரித்தது. கம்பெனியில் எழுதுகிற மாதிரியே எண் போட்டு, நிமிடம் போட்டு, பதினான்கு குறைகளை எழுதிப் போட்டேன். அரக்கனின் கொம்பு ஒரு காட்சியில் வலது பக்கம் சாய்ந்திருக்கிறது, அடுத்த காட்சியில் இடது பக்கம். கட்டிலைத் தூக்கும் கம்பி பளிச்சென்று தெரிகிறது. ஆறாவது குறை இப்படி இருந்தது: 'அரக்கன் வருகிறான், ஊரே அலறி ஓடுகிறது. பாவாடை சட்டை போட்ட ஒரு பெண் மட்டும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். ரிஜெக்ட். இந்த இடத்தை வெட்டி எறிந்திருக்க வேண்டும்.'

நூற்றுக்கணக்கான பேர் லைக் போட்டார்கள். தலைகால் புரியவில்லை எனக்கு. ஒரே ஒரு ஆள் மட்டும் சண்டைக்கு வந்தார். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ நம்பர், புரொஃபைல் படத்தில் ஒரு மயில். 'கண்ணு இருந்தா போதுமா, மனசு வேணாவா?' என்று கேட்டார். 'ரசனை கெட்டுப்போனா ரீவொர்க் பண்ண முடியாது அங்கிள்' என்று பதில் போட்டேன். விடுவாரா மனிதர்? மூன்று வாரம் மல்லுக்கட்டினோம். 'ஒரு நிமிசம்கூட போர் அடிக்காத படம்' என்று அவர் எழுதாத நாளில்லை. டீ பிரேக்கில் போனை எடுத்து மயில் வந்துவிட்டதா என்று பார்ப்பதே எனக்கு ஒரு குஷியாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் அவள் தன் வீட்டில் என்னைப் பற்றிச் சொன்னாள். எங்கள் லைனில் கிளிப் மாட்டுகிறவள். தண்டலத்துக்கு உள்ளே ஒரு கிராமம். ஒன்றரை வருடமாக அவளும் நானும் ஒருவரையொருவர் விரும்பிக்கொண்டிருந்தோம். அம்மா இல்லாத பெண். அவளுக்கு மூன்று வயதில் அம்மா இறந்துபோனார். வேறொரு கம்பெனியில் பஸ் ஓட்டும் அப்பாதான் எல்லாம். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தன்னால் எதுவும் செய்ய முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழம வூட்டுக்கு வா. அப்பா உன்ன பாக்கணும்னாரு," என்றாள்.

"என் போட்டோவைக் காட்டுனியா?"

"காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துக்கினே இருந்தாரு. இன்னான்னு கேட்டா சிரிக்கிறாரு."

விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வந்த பையன் நான். இஸ்திரி போட்ட சட்டை, ஒரு கிலோ ஆப்பிள், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஷேர் ஆட்டோ. போகிற வழியெல்லாம் எனக்குள் ஒரே திருவிழா. என்ன கேட்பார், என்ன சொல்லலாம் என்று நூறு முறை ஒத்திகை பார்த்தேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே டிவி தெரிந்தது. படம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஓடுகிற கூட்டத்துக்கு நடுவே அந்தப் பெண், பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டு.

"உக்காரு தம்பி," என்றார் அவள் அப்பா. "நாந்தான் அந்த மயிலு."

ஒவ்வொரு கமெண்ட்டிலும் என் பெயரும் போட்டோவும் ஜம்மென்று இருந்தன. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவன் நான்தான். அவளைப் பார்த்தேன். அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை.

"இவளத்தான் நீ வெட்டி எறிய சொன்ன. இவ என் பொண்டாட்டி. அப்ப பன்னெண்டு வயசு. எங்க ஏரியிலதான் ஷூட்டிங். மூணு நாளு நடந்துச்சு, மூணு நாளும் ஸ்கூலுக்குப் போவாம அங்கியே நின்னாளாம். கல்யாணத்துக்கப்புறம் டிவில போட்டப்ப அவளே காமிச்சா. வூட்ல ஒரு கல்யாண போட்டோ கீது, ரேஷன் கார்டுல ஒண்ணு கீது. அவ அசையறத பாக்கணும்னா இந்த மூணு செகண்டுதான்."

தரை பிளந்தால் உள்ளே போயிருப்பேன். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இவளை இழந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். "தெரியாம எழுதிட்டேன் சார். இப்பவே அழிச்சிருதேன்," என்று போனை எடுத்தேன்.

"அழிக்காத. அத்தன பேரு பாத்தாங்க, எவன் கண்ணுலயும் அவ படல. உனக்குத்தான் பட்டா." அவர் ரிமோட்டை என் பக்கம் நகர்த்தினார். "இருவது வருசமா பாக்கறேன். எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு எடந்தான். மிச்ச ரெண்டு நாளும் அங்கதான நின்னா? வேற எங்கனா கீறாளா பாரு."

"பாக்கேன் சார்," என்றேன். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன்.

எங்கள் வேலையில் முதலில் சொல்லித்தருவது, நடுவைப் பார்க்காதே என்பது. நடுவை எல்லாரும் பார்ப்பார்கள். மேல் மூலையில் தொடங்கி ஓரமாகவே சுற்றிவர வேண்டும், கடைசியில்தான் உள்ளே போக வேண்டும். கட்டில் பறக்கட்டும், கொம்பு சாயட்டும், எனக்கென்ன. பாதி வேகத்தில் ஓடவிட்டு, கூட்டம் வருகிற இடத்தில் எல்லாம் நிறுத்தி, ஓரம் ஓரமாகத் துழாவினேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மதியத்துக்குச் செய்து வைத்திருந்த பிரியாணி ஆறிப்போனது, யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டு முறை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டு முறையும் அவர் கிட்டே வந்து பார்த்து, இல்லை என்று தலையாட்டினார்.

கடைசிச் சண்டை. கட்டிலில் நின்று கதாநாயகன் அரக்கனைப் புரட்டி எடுக்கிறான். ஏரிக்கரையில் கூட்டம் நிற்கிறது. இடது ஓரம், முண்டாசு கட்டிய ஒரு ஆளின் முழங்கைக்குக் கீழே, ஒரு முகம். நிறுத்தினேன்.

"சார், இங்க பாருங்க."

அவர் டிவிக்கு முன்னால் மண்டி போட்டார். "போடு," என்றார்.

போட்டேன். மேலே உலகமே அதிரச் சண்டை நடக்கிறது. கீழே அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண் தலையைச் சொறிந்தாள். வானத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு, வாயைக்கூட மூடாமல், நீளமாக ஒரு கொட்டாவி விட்டாள்.

"அவதான்," என்றார் அவர். "அவளேதான்."

என் பக்கத்தில் இருந்தவள் முதலில் சிரித்தாள். "அப்பா, நீ இன்னாவோ போர் அடிக்காத படம்னு ஊரெல்லாம் சண்ட போட்டுக்கினு கீற. அம்மாவுக்கே தூக்கம் வந்துடுச்சு பாரு." சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். "இன்னொரு தபா போடேன்," என்று என் கையைப் பிடித்தாள். அப்பா எதிரில் இருப்பதையே மறந்துவிட்டாள். போட்டேன். அழுதுகொண்டே பார்த்தாள். மறுபடி போட்டேன்.

எத்தனை முறை போட்டேன் என்று தெரியாது. ஒரு வழியாக அவர் எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு நாளு கெடச்சிடுச்சு," என்றார். "இன்னும் ஒரு நாளு பாக்கி கீது. அடுத்த ஞாயித்துக்கிழம வந்து தேடு. வர்றப்ப உங்க வூட்டுப் பெரியவங்களையும் கூட்டிக்கினு வந்துடு."